ட்ரோம்சோவுல சாப்பிட இடம் தேடி அலைஞ்ச ஆறு நாள்

நார்வேயோட வடக்குல இருக்கற ட்ரோம்சோவுல எங்க குடும்பம் சாப்பிட்ட முதல் டின்னர் ஒரு பெட்ரோல் பங்க்ல, நின்னுக்கிட்டே. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதரை, வெளிய மைனஸ் ஒன்பது, ஏழு வயசு பொண்ணு பசியிலயும் தூக்கத்துலயும் அழுவுறா, தூத்துக்குடியில இருந்து மூணு மாச விசாவுல வந்திருக்க அம்மா ஐஸ்ல வழுக்கிரும்னு என் கையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு அடி மேல அடி வெச்சு வராங்க, என் மனைவியோ சுத்த சைவம். ஜெர்மனியில ஏழு வருஷமா இருக்கோம், ஐரோப்பா ஞாயித்துக்கிழமை எப்படின்னு தெரியாத ஆளுங்க இல்ல, இருந்தும் கோட்டை விட்டோம்.

நடந்தது இதுதான். அபார்ட்மென்ட்ல பையை வெச்சுட்டு நேரா ஸ்தூர்காத்தாவுக்கு நடந்தோம், அதுதான் அங்க மெயின் வீதி. ஒவ்வொரு கடை ஜன்னல்லயும் மெழுகுவர்த்தி எரியுது, உள்ள ஜனங்க உக்காந்து சிரிச்சுப் பேசிட்டு இருக்காங்க, சரி இடம் கெடைக்கும்னு நெனச்சு உள்ள போனா "ஷொக்கனே ஆர் ஸ்டெங்ட்", கிச்சன் மூடியாச்சு, குடிக்க மட்டும்தான் கெடைக்கும். மூணு இடம், மூணு இடத்துலயும் இதே பதில், அதே சிரிச்ச முகம். சூப்பர்மார்க்கெட் போய் பிரட்டாவது வாங்கலாம்னா ஞாயித்துக்கிழமை பெரிய கடை எதுவும் திறக்காது. நூறு சதுர மீட்டருக்குள்ள இருக்கற குட்டிக் கடைங்க மட்டும் திறக்கலாம்னு அங்க ஒரு சட்டம் இருக்கு, ஆனா அது எனக்கு அடுத்த நாள்தான் தெரிஞ்சுது. கடைசியில பெட்ரோல் பங்க். எங்க மூணு பேருக்கு பன்னுல வெச்ச பொல்சே, அதாவது சாசேஜ், மேல பொரிச்ச வெங்காயத்தூள். மனைவிக்கு லவங்கப்பட்டை போட்ட ஒரு பன்னும் ரெண்டு வாழைப்பழமும். முன்னூறு க்ரோன் கிட்ட ஆச்சு, நம்ம காசுக்கு ரெண்டாயிரத்து நானூறுன்னு வெச்சுக்கோங்க (ஒரு க்ரோன் சுமார் எட்டு ரூபா). அம்மா ஒரு வார்த்தை பேசல, சாசேஜை மட்டும் திருப்பித் திருப்பி பாத்துட்டு "ஏலே, இது என்ன மாமிசம்லே?"ன்னு கேட்டாங்க. எனக்கும் தெரியல.

அதனால யாராச்சும் என்கிட்ட ட்ரோம்சோவுல எங்க சாப்பிடலாம்னு கேட்டா, நான் முதல்ல எத்தனை மணிக்குன்னுதான் திருப்பிக் கேப்பேன்.

அடுத்த நாள் காலைல சூப்பர்மார்க்கெட்ல இத எனக்குத் தெளிவா வெளக்கினது ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். அம்மா மீன் செக்ஷன் முன்னாடி நின்னு சத்தமா தமிழ்ல விலை கேட்டுட்டு இருந்தாங்க, பின்னாடி இருந்து ஒரு குரல், "எங்க இருந்து வாறியள் அம்மா?". அம்பத்தஞ்சு அறுவது வயசு இருக்கும், எண்பதுகள்ல ஸ்டூடண்டா வந்து அப்புறம் ஃபின்மார்க்ல மீன் ஃபேக்டரியில வருஷக்கணக்கா ஃபில்லே வெட்டினவராம். அந்தக் காலத்துல நார்வேயோட வடக்கு முனையில மீன் ஃபேக்டரிங்கள்ல வேலை பாத்தவங்கள்ல நிறைய பேர் நம்ம ஈழத்து ஆளுங்கங்கிறது பலருக்குத் தெரியாது. அண்ணை முந்தின ராத்திரி கதைய கேட்டுட்டு சிரிச்சுட்டார். "இஞ்ச ஆக்கள் பின்னேரம் நாலு, நாலரைக்கே மிட்டாக் சாப்பிட்டிடுவினம். நீங்கள் ஒன்பதுக்குப் போய் கேட்டால் யார் தருவினம்? மத்தியானம் வெளியில வடிவா சாப்பிடுங்கோ, இரவைக்கு வீட்டில ஏதாவது செய்யுங்கோ. காசும் மிச்சம்."

மிட்டாக்னா சொல்லுக்கு மத்தியானம்னு அர்த்தம், ஆனா அவங்க சாப்பிடறது வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம். மத்தியானத்துக்கு பதினொன்றரை வாக்குல வீட்ல இருந்து கொண்டு வந்த பிரட் துண்டு, அதுக்கு மாத்பாக்கேன்னு பேரு, பட்டர் பேப்பர்ல மடிச்சது. ரெஸ்டாரன்ட்ல டின்னர் பொதுவா அஞ்சு ஆறு மணிக்கு களைகட்டும், ஒன்பதுக்கு மேல கிச்சன்காரங்க அடுப்ப தொடைச்சுட்டு இருப்பாங்க. பிப்ரவரி ஆரம்பத்துல மூணு மணிக்கே சூரியன் மறையுது, அஞ்சு மணின்னா கும்மிருட்டு, அதனால சீக்கிரம் சாப்பிடற மாதிரி தோணவே தோணாது, உடம்பு தானா ஒத்துக்கிது. (நவம்பர் 27 வாக்குல இருந்து ஜனவரி பாதி வரைக்கும் அங்க சூரியனே தலை காட்டாது, அப்ப போறவங்களுக்கு மணி பாக்கறது இன்னும் முக்கியம்.)

அன்னிக்கு மத்தியானமே அண்ணை சொன்னத செஞ்சோம். துறைமுகத்தை ஒட்டின ஒரு இடத்துல மீன் சூப், ஃபிஸ்கசுப்பே. வெள்ளையா க்ரீம் போட்ட சூப், உள்ள காட் மீன், சால்மன், இறால், பொடியா நறுக்குன கேரட், கூட பிரட்டும் வெண்ணெயும். ஒரு தட்டு 235 க்ரோன், பெரியவங்களுக்கே வயிறு ரொம்பிடும், பிரட் தீந்தா கேட்டா தராங்க. அதே இடத்து ராத்திரி மெனுவை கதவுல ஒட்டியிருந்தாங்க, மெயின் டிஷ் எல்லாம் நானூறுக்கு பக்கத்துல. அதே சமையல்காரர், அதே மீன். நார்வேயில மத்தியான சாப்பாடு மலிவுன்னு சொல்ல வரல, அங்க எதுவுமே மலிவில்ல, ஆனா சூப்போ "டாகென்ஸ்"னு போர்டுல எழுதியிருக்கற அன்னைக்கான டிஷ்ஷோ எடுத்தா ராத்திரி செலவுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா மிச்சம் ஆகும்.

இன்னொரு விஷயம், கவுன்டர்ல வாங்கற கடைங்கள்ல "ஸ்பீசே ஹேர் எல்லர் தா மெ?"ன்னு கேப்பாங்க, இங்கயே சாப்பிடறீங்களா எடுத்துட்டு போறீங்களான்னு. மரியாதைக்கு கேக்கற கேள்வின்னு நான் முதல்ல நெனச்சேன். உள்ள உக்காந்து சாப்பிட்டா 25 சதவீதம் வரி, பார்சல்னா 15. சில கடைங்கள்ல ரெண்டு விலையா எழுதியே வெச்சிருப்பாங்க. அதுக்காக மைனஸ் பத்துல வெளிய நின்னு சாண்ட்விச் சாப்பிடணுமான்னா வேண்டாம், ரூம் பக்கத்துல இருந்தா மட்டும் யோசிங்க. தண்ணி மட்டும் எங்கயும் காசு குடுத்து வாங்காதீங்க, குழாய் தண்ணி அவ்ளோ நல்லாருக்கும், ரெஸ்டாரன்ட்ல ஜக்குல தானா கொண்டு வந்து வெப்பாங்க. பாட்டில் வாங்கிட்டீங்கன்னா அதுல பான்ட்னு ரெண்டு மூணு க்ரோன் டெபாசிட் இருக்கும், சூப்பர்மார்க்கெட் வாசல்ல மெஷின்ல போட்டா திரும்பி வரும், என் பொண்ணுக்கு ஊர்லயே ரொம்ப புடிச்ச விளையாட்டு அதுதான்.

பணம் பத்தி சொல்லும்போது கார்டு மெஷின் கதைய சொல்லிடறேன். நல்ல டின்னர்னு ஒரே ஒரு நாள் முன்கூட்டியே புக் பண்ணி வெச்சிருந்தோம், துறைமுகப் பக்கம் ஃபிஸ்கெகொம்பானியேன்னு ஒரு மீன் ரெஸ்டாரன்ட், ஊருக்குள்ள பேரு பெத்த இடம். சாப்பிட்டு முடிச்சு பில் வந்துச்சு, சர்வ் பண்ண பொண்ணு மெஷினை என் கையில குடுத்துட்டு நாகரிகமா வேற பக்கம் திரும்பி நின்னுச்சு, ஸ்க்ரீன்ல நார்வேஜியன்ல ஏதோ கேக்குது, நான் வழக்கம்போல பின் நம்பர் தானேன்னு நாலு இலக்கத்த அடிச்சு பச்சை பட்டனையும் அமுக்கப் போனேன், மனைவி எட்டிப் பாத்து "என்னங்க, அதுல ஏன் க்ரோன்னு போட்டிருக்கு?"ன்னா. அது டிப்ஸ் சேத்து மொத்தத் தொகைய நாமளே அடிக்கற ஸ்க்ரீன். என் பின் நம்பர் எட்டுல ஆரம்பிக்கும், பில்லு வந்தது 2,300 சொச்சம். அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, டூரிஸ்ட் சீசன்ல இது அடிக்கடி நடக்குறதுதான்னு சிரிச்சுது. அதனால மெஷின்ல முதல்ல தொகை கேக்கும், அப்புறம்தான் பின், இத மனசுல வெச்சுக்கோங்க. டிப்ஸ் கட்டாயம் இல்ல, சர்வீஸ் புடிச்சிருந்தா ரவுண்டா ஆக்கி குடுக்கலாம், குடுக்கலன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. கேஷ் நாங்க எடுத்துட்டே போகல, ஒரு தடவை கூட தேவைப்படல.

இப்ப மீன். பிப்ரவரியில அங்க போறவங்க வேற எத விட்டாலும் ஸ்க்ரெய் மீனை விடக்கூடாது. காட் மீன்தான், ஆனா பாரன்ட்ஸ் கடல்ல இருந்து முட்டை போட தெற்க லோஃபோட்டன் தீவுங்க பக்கம் நீந்தி வர்ற காட். ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் கெடைக்கும். அவ்ளோ தூரம் நீந்தி வர்றதால சதை கெட்டியா இருக்கும், வெந்ததும் இதழ் இதழா பிரியும். அதோட ஈரலையும் சினையையும் சேத்து வேகவெச்சு தர்றதுக்கு மொல்யேன்னு பேரு. மெனுவுல பாத்ததும் அம்மாவுக்காகன்னு ஆர்டர் பண்ணேன். ஒரு தட்டுல வெள்ளை வெளேர்னு மீன் துண்டு, இன்னொரு கிண்ணத்துல வெங்காயமும் பிரியாணி இலையும் போட்டு வேகவெச்ச ஈரல் எண்ணெயில மெதக்குது, வட்டமா நறுக்கின சினை, அவிச்ச உருளைக்கிழங்கு. மசாலான்னா மிளகு மட்டும்.

அம்மா சினைய ஒரு துண்டு எடுத்து வாயில போட்டாங்க. கடல் ஓரத்துல பொறந்து வளந்தவங்க, சீலா மீன் சினைக்கு சண்டை போட்ட ஆளு. ரெண்டு நிமிஷம் மென்னுட்டு "சினை நல்லாத்தான் இருக்கு, ஆனா உப்பும் இல்ல உரப்பும் இல்லலே, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி"ன்னாங்க. ஈரல வாய்ப்பக்கம் கொண்டு போனவங்க மூஞ்சிய சுளிச்சாங்க, "ஏ, சின்ன வயசுல உங்களுக்கெல்லாம் குடுத்தேன்ல மீன் எண்ணெய் மாத்திரை, அத ஒடச்சு ஊத்துன மாதிரி இருக்கு". சரியாத்தான் சொன்னாங்க, அந்த மாத்திரைக்குள்ள இருந்தது இதே காட் ஈரல் எண்ணெய்தான். ஆனா மீனை மட்டும் முள்ளு கூட விடாம சாப்பிட்டு முடிச்சாங்க. "மீன் ஃப்ரெஷ்ஷா இருந்தா மசாலா எதுக்கு"ன்னு அவங்க வாயிலயே வந்துச்சு, கடைசியில, என்னப் பாக்காம.

நம்ம நாக்குக்கு இன்னொரு டிஷ் இத விட பக்கம்னு நான் சொல்வேன், பொக்னாஃபிஸ்க். மீனை பாதி மட்டும் காத்துல காயவெச்சு வேகவெச்சது, மேல பன்னிக்கொழுப்பு வறுத்து ஊத்தியிருப்பாங்க, ஓரத்துல பட்டாணி மசியலும் கேரட்டும். கருவாட்டுக்கும் பச்சை மீனுக்கும் நடுவுல ஒரு வாசம் வரும், அம்மா மூக்குக்கு அது தட்டு மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே எட்டிருச்சு. கொழுப்பு வேணாம்னா ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடுங்க, தனிக் கிண்ணத்துல தருவாங்க. கதீட்ரல் எதிர்ல எம்மாஸ்னு ஒரு பழைய இடம், மீன் க்ராட்டாங்க்கு (மீனை அவன்ல சுட்டெடுக்கறது) பேர் போனது, அதுவும் குழந்தைங்க கூட போறவங்களுக்கு சரியா வரும், காரம் கிடையாது, முள்ளு கிடையாது.

ராஜ நண்டு, அதான் கிங் க்ராப், எல்லா டூரிஸ்ட் மெனுவுலயும் முதல் பக்கத்துல படத்தோட இருக்கும். அது அந்த ஊர் நண்டே இல்ல, 1960கள்ல சோவியத் விஞ்ஞானிங்க பசிபிக்ல இருந்து கொண்டாந்து பாரன்ட்ஸ் கடல்ல விட்டது, பெருகி நார்வே பக்கம் வந்துருச்சு. ஒரு கால் மட்டும் ஸ்டார்ட்டரா வாங்கி பங்கு போட்டோம், இனிப்பான சதை, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த விலைக்கு நான் மறுபடி வாங்க மாட்டேன். திமிங்கலமும் சீலும் (கடல்நாய்) சில இடத்துல மெனுவுல இருக்கும், அங்க மிங்கே திமிங்கலம் புடிக்கறது சட்டப்படி நடக்கறது. நாங்க சாப்பிடல, சாப்பிடறவங்கள கொற சொல்லவும் இல்ல.

ரெயின்டீர் விஷயத்துல நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. ஸ்தூர்தோர்கெத்ல, டவுன் நடுவுல இருக்கற சதுக்கம், ராகெட்டன்னு மஞ்சக் கலர்ல ஒரு குட்டி கியாஸ்க் இருக்கு, 1911ல கட்டினது, ஒரு ஆள் உள்ள நின்னா இன்னொரு ஆளுக்கு இடம் இல்ல. ரெயின்டீர் ஹாட் டாக் அங்க ஃபேமஸ், ஒண்ணு நூறு க்ரோனுக்கு முன்னப் பின்ன. புகை வாசத்தோட, கொஞ்சம் ஈரல் மாதிரி ருசியோட, குளிர்ல கையில சூடா புடிச்சுக்கிட்டு சாப்பிட அருமையா இருந்துச்சு, மத்தியானம் சூப்புக்கு பதிலா ஒரு நாள் இதுவே போதும். தப்பு என்னன்னா, அடுத்த நாள் சாமிங்கிற அந்த வடக்குப் பக்கத்து பூர்வகுடி மக்கள் நடத்தற ரெயின்டீர் பண்ணைக்கு போயிருந்தோம், பொண்ணு வாளியில தீவனத்த எடுத்து ஊட்டிட்டு, ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சு, கழுத்த தடவிட்டு இருந்தா. அப்புறம் லாவ்வுங்கிற கூடாரத்துக்குள்ள நெருப்ப சுத்தி உக்காரவெச்சு பீடோஸ் குடுத்தாங்க, ரெயின்டீர் கறி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு, அவ்ளோதான், மணிக்கணக்கா வேகவெச்சது, கூட தட்டையான பிரட். மொத்த ட்ரிப்லயும் எனக்கு ரொம்ப புடிச்ச சாப்பாடு அது. பொண்ணு பாதி கிண்ணம் சாப்பிட்டுட்டு "ஆச்சி, இது என்ன ஆடா?"ன்னு கேட்டா. ஆச்சிக்கு பொய் சொல்ல வராது. நேத்து சாப்பிட்ட சாசேஜும் அதேதான்னு வேற சேத்து சொல்லிட்டாங்க. ஊர் திரும்புற வரைக்கும் பிரட்டும் சீஸும்தான் பொண்ணுக்கு. குழந்தைங்களோட போறவங்க முதல்ல சாப்பிடறதா முதல்ல தீவனம் போடறதான்னு யோசிச்சு ப்ளான் பண்ணுங்க, இல்லன்னா முன்னாடியே சொல்லிடுங்க.

இப்ப சைவம். மனைவி சொல்லச் சொல்ல எழுதறேன். "வெகெதார்"ங்கிற வார்த்தைய தெரிஞ்சு வெச்சுக்கோங்க, அதுல முட்டையும் பாலும் இருக்கும், முட்டையும் ஆகாதுன்னா "வெகான்"னு கேட்டுடறது சேஃப். (அவ கேக்ல இருக்கற முட்டைய கண்டுக்க மாட்டா, தட்டுல முட்டையா தெரிஞ்சாதான் பிரச்சனை.) கிட்டத்தட்ட எல்லா ரெஸ்டாரன்ட்லயும் ஒரு சைவ டிஷ் இருந்துச்சு, ஆனா ஒண்ணே ஒண்ணுதான், அது பெரும்பாலும் பீட்ரூட்டோ காலிஃப்ளவரோ சுட்டு வெச்சது, இல்லன்னா காளான் ரிசோட்டோ. மூணாவது நாள் அவ "இன்னொரு பீட்ரூட்ட பாத்தேன்னா நான் அழுதுடுவேன்"னு சொல்லிட்டா. காய்கறி சூப்னு போர்டுல இருந்தா கூட எந்த ஸ்டாக்ல செஞ்சதுன்னு கேளுங்க, ஒரு இடத்துல மீன் ஸ்டாக்னு சொன்னாங்க. கேக்கறதுக்கு கூச்சப்பட வேண்டாம், அலர்ஜி விவரம் சொல்றது அங்க சட்டம், பணியாளுங்க ஃபைல எடுத்து வந்து வரி வரியா காட்டறாங்க, எங்க ஊர் ஜெர்மன் ரெஸ்டாரன்ட்ல கூட அவ்ளோ பொறுமையா பாத்ததில்ல. கடையில விக்கற மிட்டாய்ல ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்ட திருப்பி பாருங்க.

அவளுக்கு உயிர் குடுத்தது கஃபேங்கதான். ஸ்த்ராந்த்காத்தாவுல ரிசோன்னு ஒரு சின்ன கஃபே, காபிக்காகவே ஜனங்க வரிசையில நிக்கறாங்க, காஃபெபொன்னான்னு உள்ளூர் காபிக்கடை சில இடத்துல இருக்கு. பன்னு, சாண்ட்விச், இதய வடிவ வாஃபிள். வாஃபிளுக்கு மேல ஜாமும் புளிச்ச க்ரீமும் வெப்பாங்க, இல்லன்னா ப்ரூனஸ்ட்னு பழுப்பு நிறத்துல ஒரு சீஸ். பாலாடைக்கட்டி எடுத்தப்புறம் மிஞ்சற மோர்த்தண்ணிய சுண்டச் சுண்டக் காய்ச்சி செய்யறது. யாரும் எங்களுக்கு முன்னாடியே சொல்லல, வாயில வெச்சதும் அம்மாவும் மனைவியும் ஒரே நேரத்துல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அடிப்பிடிச்ச பால்கோவா. உப்பு போட்ட பால்கோவா. மாமியாரும் மருமகளும் அந்த ஆறு நாள்ல முழுசா ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான், ரெண்டு கட்டி வாங்கிட்டு வந்து இப்ப தோசைக்குள்ள வெச்சு சாப்பிடறாங்க.

அரோரா, அதான் வானத்துல தெரியற துருவ வெளிச்சம், அத பாக்க போற ராத்திரி டூருக்கு சாப்பாடு ப்ளான் தனியா வேணும். ஆறு மணி வாக்குல பஸ் கெளம்பும், திரும்ப ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி ஆகிடும், நடுவுல கடை கிடையாது. நாலரைக்கே நல்லா சாப்பிட்டுட்டு போங்க. டூர்ல காட்டுக்கு நடுவுல நிறுத்தி வெந்நீர் ஊத்தி ஒரு பாக்கெட் சாப்பாடு குடுத்தாங்க, ரியல் டூர்மாத்னு பேரு, உறையவெச்சு உலர்த்தின சாப்பாடு, அது ட்ரோம்சோவுலயே தயாராகறது. பாக்கெட்ட கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா அஞ்சு பத்து நிமிஷத்துல வேகற வரைக்கும் வயிறும் சூடாகும். சைவ பாக்கெட்டும் அதுல இருக்கு, ஆனா புக் பண்ணும்போதே சொல்லணும், நாங்க பஸ்ல ஏறி சொன்னோம், கைடு தேடிப் பாத்துட்டு கைய விரிச்சுட்டார். மனைவி பிஸ்கட்டும் சூடான சாக்லேட்டும் சாப்பிட்டா, வானத்துல பச்சை வெளிச்சம் வந்தப்ப கூட "எனக்கு பசிக்குதுங்க"ன்னுதான் சொன்னா. உப்புமா மிக்ஸ், எம்டிஆர் பாக்கெட் ஏதாவது இருந்தா தெர்மாஸ் ஃப்ளாஸ்க்ல வெந்நீரோட எடுத்துட்டு போங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

கேபிள் கார்ல ஏறி 421 மீட்டர் மேல போனா அங்கயும் ஒரு கஃபே இருக்கு. ஊரே கீழ தீவா தெரியும், காபிக்கும் பன்னுக்கும் உக்காருங்க, அவ்ளோதான். பீர் குடிக்கறவங்களுக்கு மாக்னு உள்ளூர் ப்ரூவரி, 1877ல ஆரம்பிச்சது, அவங்களோட ஒல்ஹல்லன் பப் 1928ல இருந்து இருக்கு, உள்ள ஆள் உயரத்துக்கு மேல பாடம் பண்ண ஒரு பனிக்கரடி நிக்குது. பீர் வெலைய பாத்துட்டு நான் ஒண்ணோட நிறுத்திக்கிட்டேன். கடையில வாங்கிக்கலாம்னா சாயங்காலம் எட்டுக்கு மேல பீர் செல்ஃப மூடிடுவாங்க, சனிக்கிழமை ஆறுக்கே, ஞாயித்துக்கிழமை சுத்தமா கிடையாது. அதுலயும் மணிதான்.

இந்தியன் ரெஸ்டாரன்ட் போனீங்களான்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரு ராத்திரி போனோம், அம்மா உரப்பு உரப்புன்னு பொலம்பினதால. பட்டர் சிக்கன் இனிச்சுது, நான் ரொட்டி ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு எண்ணி வந்துச்சு, சோறு மட்டும் நல்லாருந்துச்சு, நாலு பேருக்கு மீன் ரெஸ்டாரன்ட் பில்லுல முக்கால்வாசி ஆச்சு. அம்மா என்ன சொன்னாங்கன்னு எழுதல. அந்தக் காசுக்கு அபார்ட்மென்ட் கிச்சன்ல நாலு நாள் சமைக்கலாம். நாங்க அப்படித்தான் மிச்ச ராத்திரிய ஓட்டினோம், ஹோட்டல் ரூமை விட அடுப்பு இருக்கற அபார்ட்மென்ட் எடுத்தது நாங்க பண்ண ஒரே புத்திசாலித்தனம். ரெமா, கிவி, எக்ஸ்ட்ரா, இந்த மூணும் விலை கம்மியான சூப்பர்மார்க்கெட், வார நாள்ல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கூட திறந்திருக்கும். ஜெர்மனியில இருந்தே மிளகாத்தூள், மஞ்சத்தூள், ஒரு சின்ன டப்பா புளி எடுத்துட்டு போயிருந்தோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மா ஸ்க்ரெய் துண்டு ஒரு கிலோ வாங்கி மீன் கொழம்பு வெச்சாங்க, ஃபயர் அலாரம் ஒரு தடவை அடிச்சுது (அடுப்பு மேல ஃபேன ஃபுல்லா போட்டுட்டு ஆரம்பிங்க). சதை பிரிஞ்சு கொழம்புக்குள்ள கலந்துருச்சு, காட் மீன் கொழம்புல தாங்காது, கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் போடணும்னு அம்மா கண்டுபிடிச்சாங்க. கார் எடுக்கறவங்க க்வாலோயா தீவுல இருக்கற ஐட்கியோசன்ல ஐடே ஹாண்டெல்னு ஒரு கடையில நிறுத்துங்க, மளிகைக்கடைதான், ஆனா மீனும் கறியும் வாங்க ஊர்ல இருந்தே ஆளுங்க அங்க போறாங்க.

டேபிள் புக் பண்றத பத்தி ஒரு வரி. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அரோரா கூட்டம், அதுலயும் பிப்ரவரி 6 சாமி தேசிய நாள், அத ஒட்டின வாரத்துல ஸ்தூர்காத்தாவுல பனியில ரெயின்டீர் ரேஸ் எல்லாம் நடக்கும், ஊர் நெரம்பி வழியும். நல்ல இடம்னு நாலு பேர் சொல்ற ரெஸ்டாரன்ட்னா ஃப்ளைட் டிக்கெட் போட்ட கையோட புக் பண்ணிடுங்க. ராத்திரி ஏழு மணி கெடைக்கலன்னா நாலரைக்கு கேட்டுப் பாருங்க, எங்களுக்கு அப்படித்தான் கெடைச்சுது.

கடைசி நாள் அண்ணைய மறுபடி பாத்தோம், பஸ் ஸ்டாப்ல. அம்மா அவர்கிட்ட கேக்க நெனச்சிருந்த கேள்விய கேட்டாங்க, இங்க மீனை உப்பே போடாம காயவெக்கறாங்களாமே, எப்படி கெடாம இருக்கு? அண்ணை சொன்னார், "பெப்ரவரியில தூக்கிப் போட்டால் மே வரைக்கும் வெளியில தொங்கும் அம்மா. குளிரும் காத்தும்தான் உப்பு. இலையான் ஒண்டும் அந்த நேரம் இல்லை." (ஈயைத்தான் இலையான்ங்கிறார்.) அம்மாவுக்கு அது போதல, ஒண்ணு வாங்கியே ஆகணும்னுட்டாங்க. டொர்ஃபிஸ்க், கட்டை மாதிரி ஒரு முழு மீனு, பேப்பர் சுத்தி சூட்கேஸ்ல குறுக்கால வெச்சு கொண்டு வந்தோம், என் ஸ்வெட்டர் எல்லாத்துலயும் அதோட வாசம்தான். சுத்தியலால தட்டி, பாதியா அறுத்து, இப்ப எங்க வீட்டு பால்கனியில பக்கெட்ல ஊறிட்டு இருக்கு, தினம் தண்ணி மாத்தணும், இன்னிக்கு நாலாவது நாள், நாளைக்கு கருவாட்டு கொழம்பு. கீழ் வீட்டு ஜெர்மன் பாட்டி காலைல மேல பாத்துட்டு போனாங்க, இன்னும் ஒண்ணும் கேக்கல.